ரிங் வந்துருச்சா

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், செல்போன் கம்பெனியில் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். சிம் கார்டு விற்கிறவள் என்று நினைத்துக்கொண்டு இலவசமாக ஒன்று கேட்பார்கள். இல்லாவிட்டால், எங்கள் வீட்டுக்குள் டவரே எடுக்கவில்லை, கொஞ்சம் என்னவென்று பாருங்களேன் என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது கேட்டிருக்கிறார்கள், துக்க வீட்டில் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டிருக்கிறார்கள். விருதுநகரில் ஒரு பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் தப்பித்ததோடு சரி.

நான் செய்வது டவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலை. மாவட்டத்தில் எங்கள் கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருக்கும் டவர்கள் ஒவ்வொன்றும் எத்தனை அழைப்புகளை இணைத்தது, எத்தனையை நடுவில் அறுத்தது, எந்த நேரத்தில் மூச்சுத் திணறியது என்று தினமும் காலையில் எண்கள் வந்து குவியும். விருதுநகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பாத்திரக்கடைக்கு மேலே, ஏசி இருந்தும் குளிராத ஓர் அறையில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பேன். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் நோவு. சிவப்பாக இருப்பதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு டிரைவ் டெஸ்ட் என்று பெயர்.

பெயர்தான் பெரிது. காரின் பின்சீட்டில் ஒரு பலகை, அதில் வரிசையாகச் சோதனைப் போன்கள், என் மடியில் லேப்டாப். அதில் ஓடும் பதிவுக்கு லாக் என்று பெயர், அது அப்போதைக்கப்போது சென்னை அலுவலகத்துக்கும் போய்விடும். போன்கள் தாமாகவே ஓர் எண்ணைக் கூப்பிடும், கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும், துண்டிக்கும், மறுபடி கூப்பிடும். அந்தப் பக்கம் எடுப்பதும் ஒரு இயந்திரம்தான். வெயிலில் சிவகாசி, திருத்தங்கல், நாரணாபுரம் என்று கார் ஊர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க என் மடிக்குப் பக்கத்தில் அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும், ஒரு மனிதக் குரல் கேட்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கும் யாரோடும் பேசப் பிடிக்காது. இந்த வேலைக்கு வந்த புதிதில் இதைப் பெருமையாக நினைத்தேன். இப்போது முதுகுவலிதான் நினைப்பில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ஆலைக்குள் செல்போன் போகக் கூடாது. மருந்து கலக்கிற, காயப்போடுகிற இடத்தில் ஒரு சின்னப் பொறிகூட ஆகாது. கேட்டில் வாட்ச்மேன் அறைச் சுவர் முழுக்க ஆணி அடித்திருப்பார்கள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துணிப்பை. காலையில் வருகிறவர்கள் போனை அணைத்துத் தங்கள் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஃபோர்மேனுக்கும் அதே ஆணி, அதே பை.

ஆக, நான் பகல் முழுக்கப் போன்களோடு குடித்தனம் நடத்துகிறவள், கட்டிக்கொண்டது பகல் முழுக்கப் போனே இல்லாத மனிதரை. பால் பொங்கினாலும் பையனுக்குக் காய்ச்சல் கண்டாலும் சாயங்காலம் வரைக்கும் அவரிடம் சொல்ல வழியில்லை. மறந்துபோய்க் கூப்பிட்டால் அந்தப் பெண் வருவாள். நீங்கள் அழைக்கும் எண் தற்சமயம் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்பாள். என் மாமியார் குரலைவிட அவள் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மாமியாரைவிட மரியாதையாகவும் பேசுவாள்.

மற்ற ஊர்களில் ஒருவரின் போன் அணைந்து கிடந்தால் வீட்டில் பதறுவார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை. பகலில் ஸ்விட்ச் ஆஃப் என்றால் ஆள் வேலைக்குப் போயிருக்கிறார், நல்லபடியாக இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் கிடக்கிற சோம்பேறியின் போன்தான் பகலில் அடிக்கும். பெண் பார்க்கப் போகிற வீடுகளில்கூட மாப்பிள்ளையின் போன் பகலில் போகிறதா என்று ரகசியமாக ஒரு முறை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்குப் பார்த்தபோதும் என் சித்தி அடித்துப் பார்த்தாள்.

சத்தம் கேட்ட நாளில் மட்டும் வேறு வழக்கம். விபத்து என்ற சொல்லை எங்கள் பக்கம் சட்டென்று யாரும் வாயில் எடுப்பதில்லை. சத்தம் கேட்டது என்பார்கள், அவ்வளவுதான். சத்தம் கேட்டால் எல்லா ஆலைகளிலும் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். கேட்டுக்கு வந்தவர்கள் தங்கள் பையை எடுத்து, போனை உயிர்ப்பித்து, வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர் அதை எடுக்கக் கூடாது. எடுத்துப் பேசினால் பின்னால் நிற்பவருக்கு லைன் கிடைக்காது. அதே காரணத்துக்காக வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு ரிங் அடித்து நின்றால் ஆள் வெளியே வந்தாயிற்று. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. மிஸ்டு கால் கொடுத்துக் காசை மிச்சம் பிடித்த காலத்தில் தொடங்கிய பழக்கம், பேச்சு இலவசமான பிறகும் மாறவில்லை. தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டார்கள்.

"ரிங் வந்துருச்சா?"

இதுதான் கேள்வி. வந்துருச்சு என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் சத்தம் கேட்காத நாளிலும் விடுவார். சாயங்காலம் கேட்டைத் தாண்டி வேன் ஏறும் முன் ஒரு ரிங். நான் எடுப்பதில்லை. அடித்து நின்றதும் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பேன். எங்கள் அலுவலகக் கணக்கில் இது பதிலளிக்கப்படாத அழைப்பு. இப்படிப்பட்ட அழைப்புகள் எம். புதுப்பட்டி டவரில் மிக அதிகம், அங்கே ஒலியில் ஏதாவது கோளாறா, ஏன் எல்லாரும் உடனே துண்டிக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து ஒரு தடவை கேள்வி வந்தது. கோளாறு இல்லை, டீ போடுகிறோம் என்று பதில் எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

சென்னை என்று நான் சொல்வது எங்கள் மேனேஜரை. என்னைவிட வயதில் சின்னவர். நல்ல பையன்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்த மாட்டார், மேடம் போடாமல் பேச மாட்டார். சிவகாசியை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். ஒரு நாள் அவர் கூப்பிட்டு எம். புதுப்பட்டி டவர் தினமும் காலையில் தூங்கிவிடுகிறது என்றார். டவர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளுக்குள் செத்துக் கிடக்கும், யாரும் அதில் சேர முடியாது. அந்த நோய்க்கு எங்கள் தொழிலில் தூக்கம் என்றுதான் பெயர். காலையில் எட்டு மணிவாக்கில் அத்தனை போன்களும் மொத்தமாகக் காணாமல் போகின்றன, சாயங்காலம் மொத்தமாகத் திரும்பி வருகின்றன, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரியாக இருக்கிறது, இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததே இல்லை என்றார்.

ஆணியையும் துணிப்பையையும் பற்றிச் சொன்னேன். சிரித்தார், கேலியாக இல்லை, ஆச்சரியமாக. ஒரு ஊரே போனை அணைத்துவிடுமா மேடம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் அந்த ஆச்சரியத்தை வைத்தே ஒரு வேலை செய்தார். பகலில் ஆளில்லாத டவர்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பட்டியலில் எம். புதுப்பட்டியைச் சேர்த்துவிட்டார். ஒரு டவரில் இரண்டு லேயர், அதாவது இரண்டு அலைவரிசை அடுக்கு, இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூரம் போகும், ஆனால் கொஞ்சப் பேரைத்தான் தாங்கும். இன்னொன்று கூட்டத்தைத் தாங்கும். இந்தக் கூட்டம் தாங்குகிற லேயரைக் காலையில் அணைத்துச் சாயங்காலம் எழுப்புவது என்று முடிவு. போன்களே இல்லாத நேரத்தில் அது எதற்கு எரிய வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

சத்தம் கேட்கிற நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கூட்டம் வந்தால் அந்த லேயர் தானாக விழித்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள் என்றார். எவ்வளவு நேரத்தில் விழிக்கும்? கால் மணி நேரத்தில். டவர்கள் தங்கள் கணக்கைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறைதான் கூட்டிப் பார்க்கும். அதற்கும் குறைவாக ஒரு நேரம் உலகத்தில் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் கால் மணி நேரம் என்பது ஒரு சொட்டு. அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்ற தொனியில் அவர் சொன்னார், பாவம், அவருக்கு யாரும் ஆலையில் இல்லை.

நிரூபிக்கச் சொன்னார். முன்பு ஒரு நாள் அப்படி நெரிசல் ஆனதற்கு எண்கள் இருக்கிறதா என்றார். இருந்திருக்கும். ஆனால் மாத அறிக்கை என்பது சராசரி. ஒரு மாதத்து நேரத்தில் ஒரு கால் மணி நேரத்தைப் போட்டுக் கரைத்தால் அண்டாத் தண்ணீரில் ஒரு கல் உப்பு போட்ட மாதிரி, நாக்கில் வைத்தாலும் தெரியாது. அதோடு, வழக்கத்துக்கு மாறான நேரங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. திருவிழா, அரசியல் கூட்டம், புயல், விபத்து. எங்களுக்கு எப்போது டவர் தேவையோ அந்த நேரத்தையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் டவர் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம். இத்தனை வருஷம் நானும் அந்த விதியைப் போட்டு அறிக்கையைப் பச்சையாக்கி அனுப்பியவள்தான், எல்லாரும் செய்வது. அன்றைக்கு அதைத் திட்டி நாலு மெயில் அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல். லேயர் பகலில் தூங்கத் தொடங்கியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்று என்றார். ஆலையைப் பற்றிய எந்தப் பயத்தையும் அவர் தட்டு முன்னால் பேச விடமாட்டார்.

சீசன் சூடு பிடித்திருந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து, ஆலை வேன்கள் விடிவதற்குள் ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. அன்றைக்கு நாரணாபுரத்தை முடித்துவிட்டு எம். புதுப்பட்டிச் சாலைக்கு வந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. காரில் நானும் டிரைவர் அண்ணனும்தான். அண்ணனுக்குத் திருத்தங்கல். அச்சகத்துக்கு லோடு ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு வலி வந்து எங்கள் காருக்கு வந்தார். அவருடைய சம்சாரம் என் வீட்டுக்காரர் ஆலையில்தான் பெட்டி ஒட்டுகிறது. அந்த வழியாகத்தான் அவர் எங்களுக்கு டிரைவராகக் கிடைத்தார்.

சத்தம் முதலில் கார்க் கண்ணாடியில்தான் தெரிந்தது. கண்ணாடி ஒரு முறை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. அண்ணன் காரை ஓரங்கட்டி ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். முன்னால், ஆலைகள் இருக்கிற பக்கம், புகை எழுந்தது. வெள்ளையாக வந்து பிறகு கறுத்தது. எந்த ஆலை என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தார், திரை மேலே தெரியும்படி. நானும் முன்சீட்டுக்கு வந்து என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

சாலையோரத்தில் ஒரு வரிசை வீடுகள். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு போன். யாரும் காதில் வைக்கவில்லை, யாரும் பேசவில்லை. பிள்ளை அழுதால்கூட வாயைப் பொத்தினார்கள், ரிங் காதில் விழாமல் போய்விடுமோ என்று.

அப்போதுதான் பின்சீட்டில் மெல்லிய டக், டக் என்ற ஒலி கேட்டது. என் சோதனைப் போன்கள் தங்கள் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டும் துண்டித்துக்கொண்டும் இருந்தன. ஊரே ஒரு ரிங்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்த டவரில் இருக்கும் கொஞ்சம் இடத்தில் என் போன்கள் உட்கார்ந்துகொண்டு ஓர் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. பாய்ந்து போய் ஒயரை மொத்தமாகப் பிடுங்கினேன். லேப்டாப் திரையில் கடைசியாகத் தெரிந்த வரிகள் எல்லாம் சிவப்பு. அழைப்பு மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. தூரம் போகிற லேயர் மட்டும் விழித்திருந்தது. மற்றது தூங்கிக்கொண்டிருந்தது.

என் போன் அடித்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தோம். சென்னை.

துண்டித்தேன். உடனே மறுபடி அடித்தது. துண்டித்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன், எடுக்காவிட்டால் அவர் நிறுத்த மாட்டார்.

"மேடம், லாக் நின்னுடுச்சே, என்ன ஆச்சு?"

"சத்தம் கேட்டுச்சு சார்."

"எந்த போன்ல மேடம்? வாய்ஸ் குவாலிட்டி ப்ராப்ளமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சத்தம் என்றால் அவருக்கு அதுதான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் நியாயம் பார்க்கத் தெம்பில்லை. பட்டாசு ஆலையில் சார் என்றேன். அந்த லேயரை இப்போதே திறந்துவிடுங்கள் என்றேன். அவர் திடுக்கிட்டது மூச்சில் தெரிந்தது. பகலில் மாற்றம் செய்ய மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், எப்படியும் கால் மணி நேரத்தில் தானாக விழித்துவிடும் என்று வாய்க்குள் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் சார் இருக்காரு. நீங்க பேசுற இந்த லைன்ல ஒருத்தருக்கு ரிங் போயிருக்கும். வைங்க."

வைத்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஆலைக்குப் போகிற சாலையில் யாரையும் விடவில்லை என்று ஒரு பைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது, கூப்பிடக் கூடாது என்றும் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கால் மணி நேரங்களாக அடுக்கி அடுக்கிப் பார்த்தவள், ஒரு கால் மணி நேரத்துக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அண்ணன் தன் போனின் திரை அணைய அணைய விரலால் தொட்டு விழிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. அவருடைய எண்.

ஒரு ரிங். உயிர் போய் உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. இரண்டாவது ரிங். மூன்றாவது. எங்கள் பக்கம் ரிங் நிற்காமல் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கூப்பிடுகிறவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. கூப்பிடுகிறவர் போனுக்குச் சொந்தக்காரர்தான் என்றும் இல்லை.

"எடு தாயி," என்றார் அண்ணன். ஒருநாளும் என்னை மேடம் என்று தவிர வேறு மாதிரி கூப்பிடாதவர்.

எடுத்தேன். அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல். அதற்கு நடுவே அவர் குரல், எரிச்சலாக.

"இந்தா, கேக்குதா? எனக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துக் கம்பெனிதான். எங்காளுக அம்புட்டுப் பேரும் வெளிய வந்தாச்சு. ஆனா ஒருத்தருக்கும் ரிங் போகமாட்டேங்குது. எம்புட்டு நேரமா அடிக்கிறோம், எனக்கே இப்பத்தான் கெடச்சிருக்கு. பொம்பளையாளுக அழுகுறாக. நீ டவர்க்காரிதான, என்னமாச்சும் செய்யி."

பல் டாக்டர் கேட்ட மாதிரி, பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்ட மாதிரி, செத்துப் பிழைத்து வந்து என் புருஷனும் டவர் எடுக்கவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. அண்ணன் சம்சாரம் எங்கே என்று மட்டும் கேட்டேன். இங்கனதான் நிக்கிறாக, சொல்லிரு என்றார். நான் வேறு ஒரு வார்த்தை சொல்வதற்குள் வைத்துவிட்டார். பின்னால் நிற்பவருக்கு லைன் வேண்டுமே.

அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் கண்ணை அவருடைய போனிலிருந்து எடுக்கவில்லை. நான் சொன்னதை நம்பவில்லை என்றில்லை. ரிங் வந்தால்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு மெசேஜ். திறந்துவிட்டேன் என்று ஒரே வார்த்தை. அனுமதி வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் பிறகு சொல்லவில்லை. லேப்டாப்பைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனின் போன் ஒரு முறை அடித்து நின்றது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எதிர் வீட்டு வாசலில் ஒன்று அடித்து நின்றது. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. பக்தி பாட்டு, சினிமா பாட்டு, வெறும் மணி, எதுவும் முதல் வரியைத் தாண்டவில்லை. தெரு நெடுக ரிங் விழுந்துகொண்டே போனது. ரிங் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வராதவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் வரைக்கும் சாலையைத் திறக்கவில்லை. அங்கேயே இருந்தோம். எதிர் வரிசையில் ஒரு அக்கா மட்டும் இன்னும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துக் கம்பெனியில் வேலை என்று சொன்னார்கள். வழக்கத்தை மீறி அவர் கூப்பிடத் தொடங்கியிருந்தார், யாரும் தடுக்கவில்லை. காரில் ஒயரும் போன்களுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தன் போனை என் காதில் வைத்தார். அந்தப் பெண் பேசினாள். அதே மரியாதை. நீங்கள் அழைக்கும் எண் தற்சமயம் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது.

"நீங்க டவர் ஆளுதான? ஸ்விட்ச் ஆஃப்னுதான சொல்றா? அப்ப அவுக வேலையிலதான இருக்காக?"

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கேட்டில் ஆணியில் தொங்கும் பையிலிருந்து அந்தப் போனை யாரும் எடுக்கவில்லை என்பதைத் தவிர அந்தக் குரலுக்கு வேறு அர்த்தம் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

"போன் கேட்லதான் இருக்குக்கா," என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுபடி அதே எண்ணை அழுத்திக்கொண்டே வாசற்படிக்குப் போனார்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். வழக்கத்தைவிடத் தணிந்த குரல். அந்த ஒரு நேரத்தை மட்டும் விதிப்படி எடுத்துவிட்டால் எம். புதுப்பட்டி பச்சையாகிவிடும், இல்லாவிட்டால் மேலே பதில் சொல்ல வேண்டிவரும் என்றார். எடுக்காதீர்கள், சிவப்பாகவே போகட்டும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அப்படியே அனுப்பினார். பகல் தூக்கத்திலிருந்து அந்த டவரை நீக்கிவிட்டார்கள், இந்த சீசன் முடியும் வரைக்கும் என்று. சீசன் முடிந்ததும் பட்டியல் மறுபடி வரும். அதற்குள் இந்தப் பையனை வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள். புதிதாக வருகிறவரிடம் ஆணியிலிருந்தும் துணிப்பையிலிருந்தும் மறுபடி தொடங்க வேண்டும். நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

அந்த நாளின் எண்களை வரி வரியாகப் பார்த்தேன். மறுக்கப்பட்ட அழைப்புகள் இருந்தன, அவையெல்லாம் டவரின் குற்றம். அந்த அக்கா சாயங்காலம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தவை அவற்றில் இல்லை. கூப்பிட்ட எண் அணைந்திருந்தால், அணைந்திருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட்ட வரைக்கும் டவர் தன் வேலையைச் செய்துவிட்டது. எங்கள் கணக்கில் அவை அத்தனையும் பச்சை.

என் வீட்டுக்காரர் அடுத்த வாரமே வேலைக்குப் போனார். போகாதீர்கள் என்றேன், ரசம் ஊற்று என்றார். இப்போதும் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் ஒரு ரிங் வருகிறது, நான் பாலை அடுப்பில் வைக்கிறேன். வேன் தாமதமானாலோ கேட்டில் கூட்டமானாலோ ரிங் கொஞ்சம் பிந்தும். பொறுக்க முடியாமல் நானே கூப்பிடுவேன். அந்தப் பெண், நீங்கள் அழைக்கும் எண் என்று தொடங்குவாள். இப்போதெல்லாம் அவளை அதற்கு மேல் பேச விடுவதில்லை. வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல், போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பேன்.